விரியும் ஊர்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இரயிலில் சாளரத்தருகே அமர்ந்து செல்பவன், பாலாற்றையும் மதுராந்தகத்தையும் கடந்த பின்னர்ப் பலவகைக் காட்சிகளைக் காண்பான். ஒருபால் நெல்வயல் பசுமை பரப்பி நிற்கும். மற்றொருபால் செம்மண் கொல்லையில் வேர்க்கடலைக் கொடி படர்ந்திருக்கும். இடையிடையே பனைமரங்கள் வரிசையாக நிற்கும். திண்டிவனம் நெருங்க நெருங்க வேறொரு காட்சியும் தோன்றும். பயிரோ புதரோ இல்லாது மட்டமாக்கப்பட்ட வெற்றுநிலம். அதில் முழ உயரத்தில் நட்டு, வெள்ளையும் மஞ்சளும் பூசி, எண் எழுதிய சிறு கற்கள். முகப்பில் ஒரு வளைவு. வளைவின்மேல் ஒரு நகரின் பெயர். நகர் எங்கே எனத் தேடினால், தொலைவில் ஒன்று, அதற்கப்பால் ஒன்று எனத் தனித்து நிற்கும் இரண்டு மூன்று வீடுகளே தெரியும். அக்கற்களை மனைக்கற்கள் என்பர். கல் முளைத்த நிலத்தில் இனி நெல் முளைப்பதில்லை. இக்காட்சி மயிலம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரையிலும், அதற்கு அப்பாலும் தொடர்ந்து வருகிறது.

இந்நிலம் மக்கள் வாழ்வுக்குப் புதியதன்று. சங்க காலத்தில் இப்பகுதி ஓய்மானாடு எனப் பெயர் பெற்றிருந்தது. அதனை ஆண்ட நல்லியக்கோடனைத் தலைவனாகக் கொண்டு நல்லூர் நத்தத்தனார் பாடியதே சிறுபாணாற்றுப்படை. அப்பாட்டில் சொல்லப்படும் கிடங்கில் என்னும் ஊர் இன்று கிடங்கல் என்னும் பெயரோடு திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. கிடங்கிலைத் தம் பெயருக்கு முன் சூடிய புலவர்களும் சங்கத் தொகை நூல்களில் உளர். புளியமரங்கள் நிறைந்த காடாதலால் 'திந்திரிணி வனம்' என வழங்கிய பெயரே திண்டிவனம் என மருவிற்று என்பர். அங்குள்ள சிவன்கோயிலின் இறைவனும் திந்திரிணீசுவரர் எனவே பெயர் பெறுகின்றார். ஆகவே, காடு திருத்தி ஊராக்கியது ஒரு காலம். ஊர் விரிந்து கழனியை மனையாக்குவது இக்காலம்.

'நகர்' என்னும் சொல்லும் நெடுவழி வந்ததே. பண்டைத் தமிழில் அது ஊரை மட்டுமன்றி, மாளிகையையும் கோயிலையும் ஒரு தனி இல்லத்தையும் குறித்தது. 'மனை' என்பதும் இல்லத்தையும் இல்லத்தலைவியையும் ஒருங்கே குறித்த சொல். இன்றோ மனை எனின் வீடு இல்லாத வெற்றிடம் என்றே பொருள் கொள்கின்றனர். வீட்டுக்கு உரிய பெயரை வீடு வருமுன்பே நிலம் பெற்றுவிட்டது எனலாம்.

விழுப்புரமும் திண்டிவனமும் இவ்வாறு விரிதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது வழி. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தில் பிரிந்து, ஒரு கிளை புதுச்சேரிக்கும், மற்றொரு கிளை விழுப்புரத்தின் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும் செல்கின்றது. மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு சாலை உண்டு. விழுப்புரமோ இரயில் பாதைகளின் கூட்டு. சென்னை, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம், திருவண்ணாமலை ஆகிய ஐந்து திசைகளிலிருந்தும் இருப்புப்பாதைகள் அங்கு வந்து சேர்கின்றன. புதுச்சேரிப் பாதை 1879-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பெற்றது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் பிற அலுவலகங்களும் வந்தன. அவற்றில் பணிபுரிவோர் குடியிருக்க இடம் தேடினர். 2010-ஆம் ஆண்டில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. திண்டிவனத்தை அடுத்த பெலாக்குப்பம் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிறு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகராட்சியில் 96,253 பேரும், திண்டிவனம் நகராட்சியில் 72,796 பேரும் வாழ்ந்தனர். ஆயினும் ஊரின் உண்மையான வளர்ச்சியை இவ்வெண்கள் முழுதும் காட்டா. புதிய மனைப்பிரிவுகளுள் பல நகராட்சி எல்லைக்கு அப்பால் ஊராட்சிகளின் நிலத்தில் அமைந்தவை.

கழனி மனையாகும் கணக்கைச் சிறிது காண்போம். இப்பகுதி உழவர் நிலத்தைக் காணிக் கணக்கில் பேசுவர். ஒரு காணி என்பது 132 சென்ட். அதாவது ஏறத்தாழ 57,600 சதுர அடி. பழைய அளவையில் 2,400 சதுர அடி ஒரு மனை ஆகும். அதனையே கிரவுண்டு எனவும் வழங்குவர். எனவே, ஒரு காணியில் 24 மனைகள் அடங்கும். ஆனால் மக்கள் காற்றில் பறந்து தம் வீட்டை அடைதல் இயலாதன்றோ? சாலைக்கென நான்கில் ஒரு பங்கு நிலம் போயின், எஞ்சுவன 18 மனைகளே. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேற்படுமாயின், சாலை நீங்கலான நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவும் விளையாட்டிடமும் அமைப்பதற்குத் திறந்தவெளியாக விடவேண்டும் என்பது விதி. சாலையையும் திறந்தவெளியையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்தல் வேண்டும். அவ்வாறு விட்ட இடமே பிற்காலத்தில் சிறுவர்கள் பந்தாடும் இடமாகும். விடாதொழிந்தால் சிறுவர்கள் தெருவிலேயே ஆடுவர்.

விதி இருந்தும் நெடுங்காலம் அதனைப் பலர் மதிக்கவில்லை. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் பெறாமலேயே வயலைக் கூறுபோட்டு விற்றனர். வாங்கியோர் பத்திரம் பதிவாயிற்று என்னும் ஒன்றையே உறுதியாகக் கொண்டனர். பதிவு என்பது இன்னார் இன்னார்க்கு விற்றார் என்பதற்குச் சான்று. அவ்விடம் வீடு கட்டத் தக்கது என்பதற்கு அது சான்று ஆகாது. இவ்வேறுபாட்டை அறியாது கைப்பொருள் இழந்தோர் பலர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என ஆணையிட்டது. அதுவரை நாள்தோறும் கைமாறிய மனைகள் ஒரேநாளில் அசையாது நின்றன. மகளின் திருமணத்துக்கென வாங்கி வைத்த மனையை விற்க இயலாது வருந்திய பெற்றோர் அக்காலத்தில் பலராவர். பின்னர் 2017-ஆம் ஆண்டில் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்த வழி செய்தது. மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டமும் 2016-இல் இயற்றப்பட்டதே. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத்திட்டம் எதனையும் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்தலும் கூடாது என்று அச்சட்டம் கூறுகின்றது.

இத்தகைய நகருக்கு முதலிற் குடிவரும் குடும்பத்தின் நிலை எத்தகையது? பெரும்பாலும் அது பல ஆண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்த குடும்பமாக இருக்கும். ஒரு சிறு வீட்டின் மாடியில், தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்கும் விருந்தினர் தங்கும் நாளுக்கும் பிறர் முகம் நோக்கி வாழ்ந்தவர்களுக்குச் சொந்தச் சுவர் என்பது பெருஞ்செல்வம். ஆணி அடிக்கவும் ஒருவரைக் கேட்கவேண்டியதில்லை என்னும் மகிழ்ச்சி அதனை நுகர்ந்தவர்க்கே விளங்கும். சேமித்த பொருள், தாயின் நகை, வங்கிக் கடன் ஆகிய மூன்றும் சேர்ந்தே அச்சுவர் எழுகின்றது. கடனோ இருபது ஆண்டுகள் வரை நீளும். ஆதலால் வீட்டின் வயதும் பிள்ளைகளின் வயதும் ஒருங்கே வளர்ந்த பின்னரே வீடு முற்றும் அவர்களுடையதாகும்.

புதுமனை புகுந்த மறுநாளே புதுவகைத் தொல்லைகள் தோன்றும். சாலை என்று வரைபடத்தில் இருப்பது மண்பாதையாக இருக்கும். ஐப்பசி மழையில் அது சேறாகும். தெருவிளக்கு மூன்றாம் தெருவோடு நின்றிருக்கும். பால்காரர் அவ்வளவு தொலைவு வரத் தயங்குவார். பேருந்து நிற்கும் இடம் நெடுஞ்சாலையில் இருக்கும். பள்ளிச் சிறுவர் அங்கு வரை நடந்து சென்று, விரைந்து வரும் வண்டிகளுக்கிடையே சாலையைக் கடத்தல் வேண்டும். வீடு கட்டாத மனைகளில் முட்புதர் மண்டியிருக்கும். இரவில் பாம்பு வெளிப்படும். பாம்பின்மேல் குற்றம் சொல்லுதலும் முறையன்று. அதன் குடியிருப்பில் புதிதாக வந்து புகுந்தவர் பிறரே. இத்தொல்லைகளின் பெருஞ்சுமை வீட்டுப் பெண்டிரைச் சாரும். ஆடவர் காலையில் வேலைக்குச் சென்று இரவில் மீள்வர். அதுகாறும் சுற்றிலும் நான்கு வீடுகள்கூட இல்லாத இடத்தில் தனித்திருப்பவர் அவர்களே. அவர்களே முதலில் ஒருவரோடொருவர் பழகி, கறிவேப்பிலைக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, நாளடைவில் அந்நகரை ஓர் ஊராக்குகின்றனர்.

குடிநீரும் கழிவுநீரும் பற்றிய சிக்கல் இன்னும் நுட்பமானது. ஊராட்சிக் குழாய் வரும்வரை ஆழ்துளைக் கிணறே துணை. புதைசாக்கடை இல்லாமையால் கழிவுநீர்த் தொட்டியும் வீட்டுக்குள்ளேயே அமையும். இவ்விரண்டுக்கும் இடையே குறைந்தது 50 அடியேனும் இருத்தல் நலம் என்று சுகாதார நூலோர் கூறுவர். எளிய குடும்பங்கள் வாங்கும் மனையின் அளவோ பெரும்பாலும் 30 அடிக்கு 40 அடி. கணித வகுப்பில் கற்ற செங்கோண முக்கோணத்தை இங்கு நினைவு கூர்தல் தகும். பக்கங்கள் 30-ம் 40-ம் ஆயின், மூலைவிட்டம் சரியாக 50 ஆகும். ஆகவே, ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் தொட்டியும் வைத்தால்தான் அவ்விலக்கணம் ஒருவாறு பொருந்தும். பொருந்தினும் பயன் என்ன? அடுத்த மனைக்காரர் தம் தொட்டியை இவரது கிணற்றை ஒட்டிய மூலையில் வைத்துவிட்டால், கணக்கு அனைத்தும் வீணாகும். தெருவினர் எல்லாரும் கூடி, கிணறுகள் யாவும் ஒரு பக்கம், தொட்டிகள் யாவும் மறுபக்கம் என முதலிலேயே முடிவு செய்தல் ஒன்றே இதற்குத் தக்க வழி. அம்முடிவைச் செய்யவேண்டிய நாளில் அத்தெருவில் ஒரு வீடுதான் இருக்கும் என்பதே இடர்ப்பாடு.

நிலம் விற்றவர் நிலையும் எண்ணத் தக்கது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று நெடுங்காலமாக இயங்கி வருகின்றது. அங்கு உருவாக்கப்பட்ட வேர்க்கடலை, எள் வகைகள் டி.எம்.வி. என்னும் எழுத்துகளோடு நாடெங்கும் பரவின; அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். ஒரு சிற்றூரின் பெயரை உழவர் பலர் விதையின் பெயராக அறிந்திருந்தனர் என்பது சிறிய பெருமையன்று. அவ்விதை விளைந்த செம்மண்ணே இன்று மனைவணிகர் மிகவும் விரும்பும் மண். மேட்டுப்பாங்கானது, நீர் தேங்காதது, அடித்தளத்துக்கு உறுதியானது. மழை பொய்த்தும் விலை பொய்த்தும் கடன்பட்ட உழவர், பத்தாண்டு விளைச்சலில் காணாத தொகையை ஒரு கையெழுத்தில் காணும்போது விற்பதைக் குறை கூறுதல் எளிதன்று. ஆயினும், அந்நிலத்தில் களை பறித்தும் கடலை பிடுங்கியும் கூலி பெற்றவர்க்கு அத்தொகையில் ஒரு காசும் சேர்வதில்லை. அவர்களுட் சிலர் அதே நிலத்தில் எழும் வீடுகளுக்குச் சித்தாளாகச் செங்கல் சுமக்கின்றனர்.

செங்கல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊர் உண்டு. அங்கு முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியன இன்றியே இக்கோயில் அமைக்கப்பட்டது எனப் பெருமிதத்தோடு குறிக்கப்பட்டுள்ளது. இன்று அவ்வழியே செங்கல்லும் மணலும் சிமெண்டும் கம்பியும் ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன.

புதுநகரின் பெயர்களைக் குறித்தும் ஒரு சொல் கூறலாம். தோட்டமில்லாத இடம் கார்டன் எனப்படும். ஏரியை மேடாக்கிய இடம் லேக் வியூ எனப் பெயர் பெறும். இவை நகைப்புக்கு உரியன. எனினும், பெயரில் வேறொரு நன்மையும் உண்டு. பழைய ஊர்களில் தெருவின் பெயரைக் கேட்டவுடனே அங்கு வாழ்வோரின் சாதி விளங்கும். ஊர் வேறு, சேரி வேறு எனப் பிரிந்திருந்த கொடுமை இப்பகுதிக்கும் உரியதே. புதுநகரின் மூன்றாம் குறுக்குத் தெரு யார் வாழும் தெரு என்பதைப் பெயர் சொல்லாது. இன்னார்க்கு வீடு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று மறைவாகப் பேசுவோர் அங்கும் இல்லாமல் இல்லை. ஆனால் அதனை வெளிப்படச் சொல்லக் கூசுகின்றனர். எல்லா வகுப்பினரும் ஒருங்கு வாழவேண்டும் என்னும் நோக்கோடு தமிழக அரசு 1997-ஆம் ஆண்டில் சமத்துவபுரத் திட்டத்தைத் தொடங்கியது. வானூர் வட்டத்துக் கொழுவாரியில் அமைந்த சமத்துவபுரம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது; அங்குள்ள வீடுகள் 100.

இவை அனைத்தினும் முதன்மையானது நீரைப் பற்றிய செய்தி. இம்மாவட்டத்தில் தென்பெண்ணையும், வராக நதி எனவும் சங்கராபரணி எனவும் வழங்கும் ஆறும் ஓடுகின்றன. அவை ஆண்டு முழுதும் நீர் தருவன அல்ல. ஆதலின் முன்னோர் மழைநீரைத் தேக்கும் பொருட்டு ஊர்தோறும் ஏரி அமைத்தனர். ஏரி என்பது ஒரு பள்ளம் மட்டுமன்று. மேட்டு நிலத்து மழையைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், நீரைத் தாங்கும் கரை, வயலுக்கு அளந்து விடும் மதகு, மிகுந்த நீரை வெளியேற்றும் கலங்கல், அந்நீரைக் கீழுள்ள அடுத்த ஏரிக்குக் கொண்டு செல்லும் போக்குக் கால்வாய் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே ஏரி. ஓர் ஏரியின் மிச்சம் அடுத்த ஏரியின் வரவு. இவ்வாறு சங்கிலிபோல் தொடர்ந்த ஏரிகளின் இறுதி நீர், திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் பகுதியில் கழுவெளி என்னும் பெரும் நீர்நிலையை அடைந்து, பின் கடலிற் கலக்கின்றது.

வயல் மனையானபின் மதகைத் திறப்பார் இலர். கால்வாயைத் தூர் வாருவாரும் இலர். பத்தாண்டு மழை குறைந்தால் கால்வாய் இருந்த சுவடே மறையும். அப்போது அதன்மேல் மண் கொட்டிச் சாலை போடுவர். சாலையோரம் வீடு எழும். வாங்குபவர் கோடை நாளில் வந்து பார்த்து, தரை காய்ந்து கிடப்பதைக் கண்டு மகிழ்ந்து முன்பணம் கொடுப்பர். நீர் தன் வழியை மறப்பதில்லை. தாழ்நிலத்தில் அமைந்த விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் பெருமழை தோறும் குளமாவதை அவ்வூரார் நன்கு அறிவர்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த பின்னும் அது விரைந்து நீங்காமல் ஏறத்தாழ அங்கேயே நின்று மழையைக் கொட்டியது. மறுநாட் காலை வரையான ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இப்பகுதியில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் அது ஏறத்தாழப் பாதி. ஏரிகள் நிரம்பி வழிந்தன. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைகடந்து ஊர்களுட் புகுந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள இரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியமையால், டிசம்பர் 2-ஆம் நாள் காலை சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே இரயில்கள் நின்றன. விழுப்புரத்தின் புதுக் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுக்குள் நீர் நின்றது. மெத்தையும் அரிசியும் பள்ளிப் புத்தகங்களும் நனைந்தன. அத்தகைய மழைக்கு எவ்வூரும் ஓரளவு வருந்தியே தீரும். ஆயினும், ஒரே ஊரில் ஒரு தெரு இரண்டு நாளில் வடிந்து உலர்வதும், மற்றொரு தெரு பல நாள் நீரில் நிற்பதும் மழையால் நிகழும் வேறுபாடல்ல. கால்வாய் இருப்பதாலும் இல்லாமையாலும் நிகழ்வது.

ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. நிலத்தின் புல வரைபடத்தையும் பட்டா விவரத்தையும் இக்காலத்தில் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று கேட்பவர்போலவே, தம் புல எண்ணை ஒட்டி வாய்க்கால் ஓடுகின்றதா, ஏரி நீர்பிடிப்பு எதுவரை உள்ளது என வரைபடத்தில் தேடுவோர் தொகை ஃபெஞ்சலுக்குப் பின் பெருகுதல் இயல்பே. வரைபடம் படிக்க இயலாதவர்க்கும் ஒரு வழி உண்டு. ஏரிப் பாசனம் இருந்த ஊர்களில் மதகு திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் பணியை நீர்க்கட்டி என்பவர் செய்து வந்தார். பாசனம் நின்றுபோன ஊர்களிலும் அப்பணியைச் செய்த முதியவர் சிலர் இன்னும் உளர். அவரை மனைக்கற்களுக்கிடையே அழைத்துச் சென்றால், கைத்தடியை நீட்டி, எந்தக் கல்லின் வழியாகத் தண்ணீர் வரும், எந்தக் கல்லில் தேங்கும், எங்கு வடியும் என்பதைக் காட்டுவார்.